கேமராவைக் கணினியோடு இணைத்து நேரலை செய்ய: புதிதாக இறங்குகிறவர்களுக்கு

சமூக மன்றத்தில் பட்டிமன்றம், கோயில் மண்டபத்தில் கல்யாணம், பிள்ளைகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் என்று எது நடந்தாலும், கொஞ்சம் நல்ல கேமரா வைத்திருப்பவரைப் பார்த்து "அப்படியே யூடியூப்ல லைவ் போட்டுடேன்பா" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். சொல்கிறவருக்கு அது ஒரு பொத்தான். சரி என்று தலையாட்டியவர்தான் அன்றிரவு கேமராவின் ரப்பர் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தத் துளையில் எதைச் செருகுவது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது அவருக்காக.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நேரலையில் படம் வராமல் போனால் கேமரா காரணமாக இருப்பது அபூர்வம். கேமராவுக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் கேபிள், கேமராப் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கார்டு, நொடிக்கு எத்தனை படம் என்ற ஃபிரேம் கணக்கு, மின்சாரம் இவற்றில் ஏதோ ஒன்றுதான் காலை வாரிவிடும். அதனால் புதுக் கேமரா வாங்கும் யோசனையை ஒதுக்கிவைத்துவிட்டு, இருக்கிற கேமராவை ஒழுங்காக இணைக்கப் பாருங்கள். ஒரே ஒரு கேமரா ஒரு மணி நேரம் தடங்கல் இல்லாமல் ஓடட்டும். இரண்டாவதை அதற்கு அப்புறம் தொடலாம்.

முதலில் கேமராவை வீட்டு டிவியில் செருகிப் பாருங்கள்

கணினி இப்போது வேண்டாம். எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் செருகிக் கேமராவை முடுக்குங்கள். டிவியில் படத்தோடு சேர்ந்து ஷட்டர் எண், பேட்டரி அடையாளம், முகத்தைச் சுற்றி ஓடும் கட்டம் எல்லாம் தெரிந்தால், நேரலை பார்க்கிறவர்களுக்கும் அவை தெரியும். சோனியில் 'எச்டிஎம்ஐ இன்ஃபோ டிஸ்ப்ளே' என்ற அமைப்பை அணைத்தால் போய்விடும், மற்ற கேமராக்களில் இதே வேலைக்கு வேறு பெயர் இருக்கும். சில பழைய டிஎஸ்எல்ஆர்களில் இதை அணைக்கவே முடியாது. அந்தக் கேமராவைப் புகைப்படத்துக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியில் படம் ஓடும்போதே இன்னும் மூன்று விஷயங்களை முடித்துவிடலாம். தானாக அணைந்துபோகும் அமைப்பை நிறுத்துங்கள், இல்லையென்றால் தாலி கட்டும் நேரம் பார்த்துக் கேமரா தூங்கிவிடும். எச்டிஎம்ஐ வெளியீட்டை 'ஆட்டோ'வில் விடாமல் 1080 என்று நிலையாக வையுங்கள், ஏனென்றால் 4கே அனுப்பினால் பல கேப்சர் கார்டுகளும், பல கேமராக்களை மாற்றி மாற்றிக் காட்டும் சின்ன ஸ்விட்சர் பெட்டிகளும் கருப்புத் திரைதான் காட்டும். மூன்றாவது ஃபிரேம் கணக்கு. அதைக் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும்.

சிங்கப்பூரில் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் குழல்விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 தடவை துடிக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். ஜப்பானிலோ அமெரிக்காவிலோ வாங்கிய கேமராவாக இருந்தால் அது 60 கணக்கில் ஓடும். ஷட்டரும் 1/60 என்று இருந்தால் மண்டபத்தின் சுவரில் மெல்லிய கோடுகள் மேலும் கீழும் நகர்வதைப் பார்க்கலாம். மெனுவில் என்டிஎஸ்சி (60 கணக்கு), பிஏஎல் (50 கணக்கு) என்று ஒரு தேர்வு இருக்கும், பிஏஎல் வைத்து 25 அல்லது 50 ஃபிரேமுக்கு வாருங்கள். ஷட்டர் 1/50 அல்லது 1/100. ஏதோ காரணத்தால் 30 ஃபிரேமில்தான் ஓட்டியாக வேண்டும் என்றாலும் ஷட்டர் 1/50 அல்லது 1/100 ஆக இருந்தால் துடிப்பு பெரும்பாலும் தெரியாது. பிஏஎல்லுக்கு மாற்றும்போது சில கேமராக்கள் மெமரி கார்டை மறுபடி ஃபார்மேட் செய்யச் சொல்லும், அதில் உள்ள படங்களை முன்னாலேயே எடுத்துவைத்துவிடுங்கள். மேடைக்குப் பின்னால் பெரிய எல்இடி திரை இருந்தால் அது தனிக்கதை. அதன் வேகம் விளக்குகளைப் போல இல்லை, அந்த இடத்திலேயே ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்துத்தான் கோடு மறையும் எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மின்சாரமும் இங்கேயே. இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்குப் பேட்டரியை நம்பாதீர்கள். உங்கள் கேமரா மாதிரிக்கு ஏற்ற டம்மி பேட்டரி, அதாவது பேட்டரி வடிவத்தில் இருந்து கம்பி வழியாகச் சுவர் மின்சாரம் வாங்கும் கட்டை, இணையக் கடைகளில் கிடைக்கிறது.

கேமராவிலிருந்து கணினிக்கு

லேப்டாப்பில் ஏற்கெனவே ஒரு எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே, அதில் செருகினால் போதாதா என்று எல்லாரும் கேட்பார்கள். போதாது. அது படத்தை வெளியே அனுப்பும் துளை, உள்ளே வாங்காது. உள்ளே வாங்குவதற்குத்தான் கேப்சர் கார்டு.

யுஎஸ்பி கேபிளை நேரே செருகி வெப்கேம் போலப் பயன்படுத்தும் வழியும் உண்டு. சில நிறுவனங்கள் 2020இல் எல்லாரும் வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் அதற்கான மென்பொருள்களை வெளியிட்டன. சூம் கூட்டத்துக்கு நன்றாக இருக்கும். ஆனால் படத்தின் அளவு பெரும்பாலும் குறைவு. சோனி இசட்வி-இ10 நேரடி யுஎஸ்பியில் 720தான் தருகிறது, அதே கேமரா எச்டிஎம்ஐ வழியாக முழு 1080 தரும். நிகழ்ச்சிகளுக்கு எச்டிஎம்ஐயையே எடுங்கள்.

கேப்சர் கார்டில் பத்துப் பதினைந்து வெள்ளிக்குக் கிடைக்கும் கட்டைவிரல் அளவு டாங்கிளிலிருந்து, எல்கேட்டோ கேம் லிங்க் 4கே, மேஜ்வெல், பிளாக்மேஜிக் என்று விலை ஏறிக்கொண்டே போகும். வித்தியாசம் எங்கே என்றால், 1080 படத்தை 25 ஃபிரேமில் சுருக்காமல் அனுப்ப நொடிக்குச் சுமார் 830 மெகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2இன் மொத்தக் கொள்ளளவே 480. அதனால் மலிவு டாங்கிள் ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் படம் போல அமுக்கித்தான் அனுப்புகிறது. பட்டுப்புடவைச் சரிகையில் அது நன்றாகவே தெரியும், சரிகை பொடிப்பொடியாகக் கலைந்து நிற்கும். சில டாங்கிள்கள் 25 ஃபிரேமை வாங்கி 30 ஆக்கித் தள்ளுவதால் நடனத்தில் கை வீசும்போது படம் தடுக்கித் தடுக்கிப் போகும். இன்னொரு ஏமாற்று, செருகும் முனை நீல நிறத்தில் இருந்தால் யுஎஸ்பி 3 என்று நினைத்துக்கொள்வோம். உள்ளே யுஎஸ்பி 2 இருக்கும், நீலம் வெறும் பிளாஸ்டிக். பழகிப் பார்க்க இந்த டாங்கிள் போதும், அதில் தப்பே இல்லை. இன்னொருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

வாங்குவதற்குத் தேக்காவிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் சிம் லிம் ஸ்குவேர் இருக்கிறது. கேபிள், இணைப்பி, திருகிப் பூட்டும் பிஎன்சி முனை போன்ற சில்லறைச் சாமான்களுக்கு நான் பக்கத்தில் இருக்கும் சிம் லிம் டவருக்குத்தான் போகச் சொல்வேன். கடைக்காரரிடம் "எச்டிஎம்ஐ கேபிள்" என்று மட்டும் சொல்லாதீர்கள், இரண்டு முனையும் எந்த அளவு, எத்தனை மீட்டர் என்று எழுதிக்கொண்டு போங்கள். சோனி ஏ6400, கேனன் எம்50 போன்றவற்றில் இருப்பது மைக்ரோ எச்டிஎம்ஐ. மினி என்பது வேறு, அது இதில் போகாது.

அந்த மைக்ரோ துளை ரொம்ப நோஞ்சான். பத்து மீட்டர் கேபிளின் கனம் முழுதும் அதில் தொங்கினால் நாளடைவில் ஆட ஆரம்பிக்கும், யாராவது கால் தடுக்கி இழுத்துவிட்டால் அன்றோடு சரி. அதனால் ஓர் அடி நீளத்தில் மெல்லிய மைக்ரோவிலிருந்து முழு அளவுக்கு மாற்றும் கேபிள் ஒன்று வாங்கி, அதன் மறுமுனையை டிரைபாட் காலில் வெல்க்ரோவால் இறுக்கிக் கட்டிவிடுங்கள். நீளக் கேபிள் அந்த இடத்தில் வந்து சேரட்டும். இழுப்பு டிரைபாட் காலோடு நின்றுவிடும். கேபிள் கழன்றாலும் மாற்றிச் செருகிக்கொள்ளலாம், கேமரா பிழைத்துக்கொள்ளும்.

இரண்டு, மூன்று கேமரா என்றால்

இங்கே இரண்டு வழி. ஒவ்வொரு கேமராவுக்கும் ஒரு கேப்சர் கார்டு போட்டு எல்லாவற்றையும் கணினிக்குள் கொண்டுவந்து, மென்பொருளில் மாற்றி மாற்றிக் காட்டலாம். அல்லது எல்லாக் கேமராவையும் ஒரு ஸ்விட்சர் பெட்டியில் சேர்த்து, அதிலிருந்து ஒரே யுஎஸ்பி கேபிளைக் கணினிக்கு எடுக்கலாம்.

என் கட்சி ஸ்விட்சர்தான். 2019இல் வந்த பிளாக்மேஜிக் ஏடெம் மினியில் நான்கு எச்டிஎம்ஐ உள்ளீடு இருக்கிறது, கணினி அதை ஒரு வெப்கேம் என்றே நினைத்துக்கொள்ளும், டிரைவர் எதுவும் வேண்டாம். ஒரு கேமரா 25, இன்னொன்று 50 என்று வந்தாலும் உள்ளேயே சரிசெய்துகொள்ளும், ஆனால் 4கே ஒத்துவராது. ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: பெட்டியில் நான்கு கேமரா செருகினாலும் கணினிக்குள் வருவது நீங்கள் அந்த நேரத்தில் பொத்தான் அழுத்திய ஒரே படம்தான். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் நான்கு கேமராவும் தனித்தனியாக வரும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம். நான்கையும் ஒரே திரையில் கட்டம் கட்டிப் பார்க்க வேண்டும் என்றால் அடுத்த மாதிரியான ஏடெம் மினி ப்ரோவுக்குப் போக வேண்டும்.

தனித்தனிக் கார்டு வழிக்குப் போகிறவர்கள் யுஎஸ்பி கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். 50 ஃபிரேமில் ஒரு கேமராவுக்கே 1.6 ஜிகாபிட்டுக்கு மேல் போகும், யுஎஸ்பி 3இல் உண்மையில் கிடைப்பது 4க்கும் கீழே. இரண்டு கார்டையும் ஒரே ஹப்பில் செருகினால் காலை எட்டரை மணிக்கு எம்ஆர்டி ரயில் கதவில் நிற்கிற கதைதான், யாரோ ஒருவர் வெளியே நிற்க வேண்டும். ஒன்றில் படம் ஓடும், மற்றது கருப்பாக இருக்கும். ஹப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு லேப்டாப்பின் வெவ்வேறு பக்கத் துளைகளில் செருகிப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் இரண்டு கேமராவையும் 25க்கு இறக்குங்கள். மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, உள்ளே பொருத்தும் டெக்லிங்க் போன்ற கார்டு ஒன்றே பல உள்ளீடுகளை வாங்கிக்கொள்ளும்.

தூரம்

யுஎஸ்பி 3 கேபிள் மூன்று மீட்டரைத் தாண்டினால் தகராறு. ஆகவே கேப்சர் கார்டு எப்போதும் கணினிக்குப் பக்கத்தில் இருக்கட்டும், நீளம் முழுதும் கேமரா பக்கத்தில் எச்டிஎம்ஐயிலேயே வரட்டும். சாதாரண எச்டிஎம்ஐ பத்து மீட்டர்வரை பொதுவாகப் பிரச்சினை தராது. பதினைந்தைத் தாண்டினால் படம் கண் சிமிட்ட ஆரம்பிக்கும். அதற்கு மேல் வேண்டும் என்றால் உள்ளே ஒளியிழை ஓடும் எச்டிஎம்ஐ கேபிள் இருக்கிறது. அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் 'சோர்ஸ்' என்றும் மறுமுனையில் 'டிஸ்ப்ளே' என்றும் எழுதியிருக்கும். தலைகீழாக இழுத்துவிட்டால் நாற்காலிகளுக்கு அடியில் ஒட்டிய டேப்பையெல்லாம் பிய்த்து மறுபடி இழுக்க வேண்டியதுதான். மடித்தால் உடையும்.

அடிக்கடி பெரிய மண்டபங்களில் செய்யப் போகிறீர்கள் என்றால் எஸ்டிஐ என்ற வேறு வகைக் கேபிள் இணைப்புக்கு மாறிவிடுங்கள். பழைய ஆன்டெனா கேபிள் போன்ற 75 ஓம் கம்பி, முனையில் திருகிப் பூட்டும் பிஎன்சி, யார் இழுத்தாலும் கழராது, நல்ல கேபிளாக இருந்தால் 1080 படத்தை 70, 80 மீட்டர்வரை கொண்டுபோகும். கேமராவில் எஸ்டிஐ இல்லாவிட்டால் எச்டிஎம்ஐயை எஸ்டிஐயாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று கேமரா அடியிலும், திரும்ப மாற்றுவது ஒன்று ஸ்விட்சர் பக்கத்திலும் வேண்டும். இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

வயர்லெஸ், என்டிஐ என்றெல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். என்டிஐ என்பது லேன் கேபிளிலேயே படத்தை அனுப்பும் முறை, ஒரு 1080 கேமராவுக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் கேட்கும், தனி ஜிகாபிட் ஸ்விட்ச் வைத்து ஓட்டினால் அருமையானது. மன்றத்து வைஃபையில் ஓட்டப் பார்க்காதீர்கள். விருந்தினர்கள் வந்து உட்கார்ந்து போனை எடுத்ததும் எல்லாம் படுத்துவிடும்.

ஓபிஎஸ்ஸில்

ஓபிஎஸ் ஸ்டுடியோ இலவசம், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். 'சோர்சஸ்' பகுதியில் கூட்டல் குறியை அழுத்தி 'வீடியோ கேப்சர் டிவைஸ்' சேருங்கள். படம் வந்துவிட்டால் விட்டுவிடாமல் அதன் அமைப்புக்குள் போய் அளவையும் ஃபிரேமையும் 'கஸ்டம்' வைத்து 1920x1080, 25 என்று நீங்களே எழுதுங்கள். ஓபிஎஸ்ஸின் பொது அமைப்பிலும் அதே 25. இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று வைத்துவிட்டுப் பின்னால் படம் தடுக்குகிறது என்று கணினியைத் திட்டுவதில் பயன் இல்லை.

கருப்புத் திரை வந்தால் இரண்டைப் பாருங்கள். ஒன்று, சூமோ டீம்ஸோ பின்னால் திறந்திருந்து கார்டைப் பிடித்து வைத்திருக்கிறதா? பல கார்டுகளை ஒரே நேரத்தில் ஒரு மென்பொருள்தான் பயன்படுத்த முடியும். இரண்டு, அதே கேமராவை ஓபிஎஸ்ஸின் இரண்டாவது சீனில் (திரை அமைப்பில்) சேர்க்கும்போது புதிதாக உருவாக்கினீர்களா? அப்படிச் செய்யக் கூடாது, 'ஆட் எக்ஸிஸ்டிங்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஏற்கெனவே இருப்பதையே கொண்டுவர வேண்டும். மேக் என்றால் கேமரா அனுமதி கொடுத்தீர்களா என்றும் ஒரு தடவை பாருங்கள். பழைய கேம்கார்டரில் அசையும் பொருளின் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிந்தால் அது 1080i என்ற பின்னல் படம், சோர்ஸை வலது சொடுக்கிட்டு 'டீஇன்டர்லேசிங்'கில் 'யாடிஃப்' (Yadif) என்ற தேர்வைப் போடுங்கள்.

கேமராக்களின் நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்யாமல் தொடங்காதீர்கள். ஆட்டோ வொயிட் பேலன்ஸை எல்லாவற்றிலும் அணைத்து, எல்லாவற்றுக்கும் ஒளியின் நிறச் சாயலைக் குறிக்கும் ஒரே கெல்வின் எண்ணைக் கொடுங்கள். ஒரு கேமராவில் மாப்பிள்ளை வேட்டி வெள்ளை, அடுத்ததில் இளமஞ்சள் என்று இருந்தால் பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும்.

ஒலி

படம் சுமாராக இருந்தாலும் ஜோகூர் அத்தையும் சென்னைப் பெரியப்பாவும் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்கவில்லை என்றால் இரண்டு நிமிடத்தில் மூடிவிடுவார்கள்.

கேமராவின் மைக்கை நம்பாதீர்கள், அது கடைசி வரிசைப் பேச்சையும் குளிர்சாதனத்தின் இரைச்சலையும்தான் பிடிக்கும். தவில் பக்கத்தில் இருந்தால் ஒலி சிதறிப்போகும். மண்டபத்து ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்கிற அண்ணனிடம் நிகழ்ச்சிக்கு முன்னாலேயே போய் மிக்சரிலிருந்து தனி ஒலி வெளியீடு ஒன்று, அதாவது ரெக்கார்ட் அவுட் அல்லது ஆக்ஸ், தரச் சொல்லிக் கேளுங்கள். அன்றைக்கு உங்களைக் காப்பாற்றப் போகிறவர் அவர்தான், ஒரு தே தாரேக்கோடு போனால் இன்னும் நல்லது. 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கேட்டால் நடுவில் அந்த மின் இரைச்சலைத் தடுக்கும் ஐசொலேட்டரோ டிஐ பெட்டியோ வைக்க வேண்டும், அல்லது லேப்டாப்பையும் மிக்சரையும் ஒரே மின் இணைப்புக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். ஓபிஎஸ்ஸின் ஒலிக்கோடு பேச்சின்போது மஞ்சளில் ஆடட்டும், சிவப்பைத் தொடவே கூடாது. மிக்சர் ஒலியோடு மண்டபத்தின் கைதட்டலையும் கொஞ்சம் சேர்க்க ஒரு கேமரா மைக்கை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளலாம். பட்டிமன்றத்தில் கைதட்டல் இல்லாமல் நடுவர் மட்டும் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் என்னவோ போல இருக்கும்.

அப்புறம் உதடும் ஒலியும் பொருந்துவது. படம் கார்டுக்குள்ளும் ஸ்விட்சருக்குள்ளும் தங்கித் தங்கி வரும், ஒலியை நேரே கணினியில் கொடுத்தால் அது முந்திக்கொள்ளும். மேடையில் ஒருவரை மைக் முன்னால் நிற்கவைத்து ஒரு தடவை பலமாகக் கைதட்டச் சொல்லி ஓபிஎஸ்ஸில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவை ஏதாவது எடிட்டிங் மென்பொருளில் திறந்து, கைதட்டல் சத்தம் வந்த இடத்திலிருந்து இரண்டு உள்ளங்கையும் சேரும் இடம்வரை எத்தனை ஃபிரேம் என்று எண்ணுங்கள். 25 ஃபிரேம் கணக்கில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. மூன்று ஃபிரேம் என்றால் 120. அந்த எண்ணை ஓபிஎஸ்ஸின் 'அட்வான்ஸ்டு ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'சிங்க் ஆஃப்செட்'டில் போட்டுவிட்டு, மறுபடி ஒரு கைதட்டல் பதிவு செய்து பாருங்கள். ஒலியையும் ஸ்விட்சரின் மைக் துளையிலேயே கொடுத்தால் இந்த வேலை பெரும்பாலும் மிச்சம்.

இணையம்

யூடியூபில் முதல் தடவை நேரலை செய்ய அனுமதி கேட்டால் அது திறக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். நிகழ்ச்சி அன்று காலையில் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.

ஓபிஎஸ்ஸின் வெளியீட்டு அமைப்பில் 1080, 25 ஃபிரேமுக்கு 6,000 கேபிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்) வைத்து ஓட்டலாம், கீஃபிரேம் இடைவெளி 2 நொடி. பதிவேற்ற வேகம் அதைப்போல இரண்டு பங்காவது இருக்க வேண்டும். மண்டபத்தில் லேன் துளை இருந்தால் அதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் 5ஜி ரவுட்டரை ஜன்னல் ஓரம் வைத்து நீள லேன் கேபிளில் கணினிக்குக் கொண்டுவாருங்கள். வேறொரு நிறுவனத்தின் சிம் உள்ள போன் ஒன்று மாற்றாக இருக்கட்டும். இலவசப் பொது வைஃபை வேண்டவே வேண்டாம்.

நலங்கு நேரத்தில் சினிமாப் பாட்டு ஓடினால் யூடியூபின் காப்புரிமைச் சோதனை நேரலையையே நிறுத்திவிட வாய்ப்பு உண்டு. பாட்டு வரும்போது மிக்சர் ஒலியை இறக்கிவிட்டு ஓட்டுவது அழகில்லை, ஆனாலும் கெட்டிமேளம்வரை நேரலை உயிரோடு இருக்கும்.

அன்றைய நாள்

குளுகுளு மண்டபத்திலிருந்து கேமராவை வாசலுக்கு, மாப்பிள்ளை அழைப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் நம்மூர் ஈரக்காற்றில் லென்ஸ் முழுக்கப் பனி படியும். வாசலுக்கென்று ஒரு கேமராவை முன்கூட்டியே வெளியில் நிறுத்திவையுங்கள். கோயில் மண்டபம் என்றால் எல்லாரும் வெறுங்காலில் நடப்பார்கள், தரை ஈரமாகவும் இருக்கும். மின் இணைப்புப் பலகையைத் தரையில் போடாமல் நாற்காலி மேல் தூக்கி வைத்து, கேபிளைச் சுவர் ஓரமாகக் கொண்டுபோய் காஃபர் டேப் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப் ஒரு மணி நேரம்கூட நிற்காது.

லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, தூக்க அமைப்பை அணைத்து, விண்டோஸ் அப்டேட்டை ஒரு வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். நேரலையோடு ஓபிஎஸ்ஸில் 'ஸ்டார்ட் ரெக்கார்டிங்'கும் அழுத்துங்கள், இணையம் போனாலும் பதிவு இருக்கும். கோப்பு வகை எம்கேவியாக இருந்தால் நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பிழைக்கும், சாதாரண எம்பி4 அப்படியே பாழாகலாம். முடிந்த பிறகு 'ஃபைல்' மெனுவில் உள்ள ரீமக்ஸ் மூலம் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம், சில நொடி வேலை.

எல்லாரும் சாப்பிடப் போன பிறகு கேபிளைச் சுருட்டும் முன்னால் அந்தக் கோப்பின் முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பாருங்கள், ஒலி வருகிறதா என்றும் கேளுங்கள், இன்னொரு டிஸ்கில் ஒரு நகல் எடுங்கள். 12 மணி நேரத்துக்குள் முடிந்த நேரலையை யூடியூப் தானாகவே சேமித்துவைக்கும், ஆரம்பத்தில் இருபது நிமிடம் ஓடிய காலி மேடையை மட்டும் யூடியூப் ஸ்டுடியோவுக்குள் போய் வெட்டிவிட்டு, அப்புறம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இணைப்பை அனுப்புங்கள்.